பெயர் எழுதாத தாள்

குளோரியா உள்ளே வந்தால் எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். நேரில் அல்ல, நேரில் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. டிசைன் ஃபைலில்தான் அது நடக்கும். ஒரே ஃபைலை ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் திறந்து வைத்து வரைவார்கள். லாவண்யா, வெங்கி, நோயல் என்று ஒவ்வொருவருடைய அம்புக்குறியும் பெயரைச் சுமந்துகொண்டு திரையில் ஓடும். குளோரியாவின் பெயர் எட்டிப் பார்த்ததுதான் தாமதம், அம்புகள் அப்படியே நிற்கும், பிறகு ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். காபி குடிக்கப் போகிறார்களாம். அத்தனை பேருக்கும் ஒரே நிமிடத்தில் காபி தாகம்.

மூன்று வருடத்துக்கு முன் அவளும் அந்த அம்புகளில் ஒன்று. நன்றாக வரைகிறாள் என்றுதான் டிசைன் ஹெட் ஆக்கினார்கள். ஆக்கியதோடு வரைவது நின்றது. நன்றாகச் சமைக்கிறவளைக் கூப்பிட்டு, இனிமேல் நீ வாசலில் நின்று பந்திக்கு ஆள் அனுப்பினால் போதும் என்றது போலத்தான். லீவு, அப்ரைசல், ஆள் எடுப்பு, மேலிடத்து மீட்டிங். காலண்டரில் ஒரு பொட்டு வைக்க இடம் கிடையாது. குக் டவுன் வீட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிடும்போது இன்றைக்கு என்ன செய்தோம் என்று யோசிப்பாள். காட்ட ஒன்றும் இருக்காது. தனக்கு இன்னும் வரையத் தெரியுமா என்பதே சந்தேகமாகிவிட்டது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆளில்லை. எதைக் காட்டினாலும் "சூப்பர் மேம்". மேம் என்று கூப்பிடாதீர்கள் என்று சொல்லிப் பார்த்தாள். ஒரு வாரம் தாங்கியது.

அந்த ஆபீஸில் வியாழக்கிழமை ஒரு வழக்கம் உண்டு. அவரவர் வரைந்ததைத் தாளில் அச்செடுத்துச் சுவரில் ஒட்ட வேண்டும், பெயர் எழுதக் கூடாது. மற்றவர்கள் குறைகளை மஞ்சள் சீட்டில் எழுதி அதன்மேல் ஒட்டுவார்கள். அதிலும் பெயர் கிடையாது. எல்லாம் முடிந்த பிறகு வரைந்தவர் எழுந்து தன் தாளுக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். இந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்ததே குளோரியாதான். ஹெட் ஆன பிறகு ஒரு தாள்கூட அவள் ஒட்டவில்லை.

இந்த வாரம் ஒட்டிவிடுவது என்று முடிவு செய்தாள். டீம் அப்போது வரைந்துகொண்டிருந்தது, வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கும் லேப் ஊழியர்களுக்கான ஆப். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து உட்கார்ந்தவள் சாயங்காலம்தான் எழுந்தாள். சாப்பிட மறந்திருந்தாள். அப்படி மறந்து எத்தனை நாளாயிற்று! ஆபீஸ் பிரிண்டரில் போட்டால் பெயர் விழும் என்று, வியாழன் காலை ஈஜிபுராவில் இறங்கி ஒரு ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தாள். யாரும் வருவதற்கு முன்னால், முந்தின நாளே ஒட்டியிருந்த தாள்களுக்கு நடுவில் தன்னுடையதையும் ஒட்டினாள். சிலர் இரண்டு தாள் ஒட்டுவதுண்டு, அதனால் ஒன்று கூடினால் யாருக்கும் உறுத்தாது.

மீட்டிங்குகளை முடித்துக்கொண்டு மூன்று மணிக்கு வந்து பார்த்தால், சீட்டு அதிகம் விழுந்திருந்தது அவள் தாளில்தான். ஏழு. கிட்டே போய்ப் படித்தாள். "எழுத்து ரொம்பப் பொடிசு." "ஏசியில உக்காந்து வரைஞ்சது நல்லாத் தெரியுது." ஓரத்தில் நுணுக்கி நுணுக்கி எழுதிய ஒன்று: "பட்டன் வலது பக்கம் இருக்கு. வலது கையில சாம்பிள் ட்யூப். ஃபோன் இடது கையில. கட்டைவிரல் எட்டுமா? இவங்க ஒரு நாளாவது கூடப் போய்ப் பாத்தாங்களா?"

போகவில்லை. டீம் மொத்தமும் விடியற்காலையில் லேப் ஊழியர்களோடு ஸ்ரீராம்புரம் சந்துகளில் இரண்டு நாள் அலைந்தபோது, அவள் பட்ஜெட் மீட்டிங்கில் இருந்தாள். காது சூடேறியது. நன்றாகவே வலித்தது. ஆனால் மூன்று வருடத்தில் முதல்முறையாக யாரோ அவளோடு சண்டை போட்டிருக்கிறார்கள். அந்தச் சீட்டை மட்டும் நாலு தடவை படித்தாள்.

நேரமானதும் ஒவ்வொருவராக எழுந்து தத்தம் தாளுக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள். ஒரு தாளுக்கு மட்டும் ஆளில்லை.

"இது யாருது? வெங்கி, உன்னோடதா?" என்றான் நோயல்.

"போடா, நான் இவ்ளோ கேவலமாவா போடுவேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். குளோரியாவும் சேர்ந்து சிரித்தாள். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், வாராவாரம் இப்படி ஒன்று ஒட்டலாம், வாராவாரம் திட்டு வாங்கலாம். ஆனால் எழுந்து நிற்க வேண்டும் என்பது அவளே போட்ட விதி. எழுந்து போய் நின்றாள்.

சிரிப்பு பட்டென்று அடங்கியது.

"சாரி மேம், சத்தியமா தெரியல" என்றான் வெங்கி. நோயல் வந்து ஒரு சீட்டைப் பிய்த்தான். அதைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். "சும்மா தமாஷுக்கு எழுதினது மேம்." "ஆக்சுவலா லேஅவுட் ரொம்ப நீட்டா இருக்கு மேம்." ஒரு நிமிடத்தில் தாள் மொட்டையாகிவிட்டது. கடைசிச் சீட்டை எடுத்தவள் லாவண்யா. எடுத்ததைக் கைக்குள் கசக்கிக்கொண்டாள்.

"அதுல இருக்கறது சரிதான் லாவண்யா. நான் போய்ப் பாக்கல."

"ஐயோ, பரவால்ல மேம். உங்களுக்கு ஆயிரம் வேலை."

அந்தப் பரவாயில்லைக்கு அந்தச் சீட்டே தேவலை என்றிருந்தது குளோரியாவுக்கு.

தன் இடத்துக்கு வந்து, நாலு மணி மீட்டிங்குக்கு வரவில்லை என்று ஒரு வரி எழுதிப் போட்டாள். டீம் ஃபைலைத் திறந்து தான் வரைந்ததை அதில் கொண்டுபோய் வைத்தாள். உள்ளே நாலு அம்புகள் இருந்தன. நின்றன. ஒவ்வொன்றாகப் போயின. யாருமில்லாத ஃபைலில் பட்டனை இடது பக்கத்துக்கு நகர்த்தினாள், எழுத்தைப் பெரிதாக்கினாள்.

போனதில் ஒன்று திரும்பி வந்தது. லாவண்யா. ஓரத்திலேயே வெகுநேரம் அசையாமல் நின்றது. பிறகு மெதுவாகக் கிட்டே வந்து, கேட்காமல் கொள்ளாமல், குளோரியா வைத்த பட்டனைப் பிடித்து, கட்டைவிரல் எட்டும் இடத்துக்குக் கீழே இறக்கி வைத்தது.

குளோரியா மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். கண் கலங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை. அசைந்தால் அந்த அம்பு போய்விடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது.