தையல் கடைக் கதவும் என் இழைப்புளியும்

மரம் ஈரத்தைக் குடித்தால் நீளத்தில் வளராது, அகலத்தில்தான் வீங்கும். மலேசியாவின் தைப்பிங் ஊரில் மூன்று வாரமாக விடாத மழை. அங்கே தையல் கடை வைத்திருக்கிறாள் என் அக்கா கலாதேவி. கடையில் உடை மாற்றிப் பார்க்கும் சிற்றறையின் பழைய மெராந்தி மரக் கதவு வீங்கிப்போய், இரண்டு விரல் இடைவெளியோடு திறந்தே நின்றது. தீபாவளிக்கு இன்னும் பத்து நாள்.

“கதவு சாத்தாத எடத்துல எப்படிக்கா பிளவுஸ் போட்டுப் பாக்குறது?” என்று கேட்டு, நான் போவதற்கு முந்தின நாள் மட்டும் நான்கு பெண்கள் துணியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அக்காவின் கணவர் உடையப்பன் வீடு புதுப்பிக்கும் காண்டிராக்டர். அவரிடம் மின்சார இழைப்பு மெஷின் இருக்கிறது. ஆனால் அது கிளப்பும் தூள் கடை முழுக்கத் தொங்கும் பட்டில் படியும். கதவைக் கழற்றி வெளியே கொண்டுபோகவும் வழியில்லை. கீல் திருகுகள் துருப்பிடித்து இறுகிவிட்டன. கடையை ஒருநாள் மூடி, கதவை உடைத்துவிட்டு பிளாஸ்டிக் கதவு மாட்டலாம் என்றார். தீபாவளி நேரத்தில் கடையை மூடுவதா? அக்கா எனக்குப் போன் செய்தாள். சனிக்கிழமை காலையில் ஈப்போவிலிருந்து போய் நின்றேன்.

என் பையிலிருந்த பழைய மர இழைப்புளியைப் பார்த்ததும் மச்சான் சிரித்தார். “அலாமா, மியூசியமே வந்திருச்சு! பிரமிளா, அது ஷோகேஸ்ல வைக்கிற சாமான் லா.”

“வேல செய்யத்தான் செஞ்சிருக்காங்க மச்சான். மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க.”

“பன்னெண்டு மணி. அதுக்கு மேல என் சுத்தியல்தான் பேசும்.”

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆய்வுக்கூட உதவியாளர். தச்சு வேலை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. இரண்டு வருடம் முன்பு ஈப்போ ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பழைய கடிகாரங்களுக்கு நடுவே இந்தச் சீன இழைப்புளி கிடந்தது. எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கத்தான் வாங்கினேன். ஒரு மரக்கட்டை, அதில் சாய்வாக ஒரு பொந்து, பொந்தில் ஓர் இரும்பு அலகு, அலகை இறுக்க ஓர் ஆப்பு. திருகு கிடையாது, ஸ்பிரிங் கிடையாது. அலகின் தலையில் லேசாகத் தட்டினால் மயிரிழை அளவு கீழே இறங்கும். கட்டையின் பின்பக்கம் தட்டினால் மேலே ஏறும். அவ்வளவுதான்! அன்றைக்கு முழுவதும் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். துரு போக, குத்துவிளக்கு தேய்ப்பது போலப் புளிக்கரைசலில் அலகை ஊறப்போட்டு, மறந்துபோய்க் கறுக்கவும் விட்டேன். பிறகு அதைக் கல்லில் தீட்டிச் சீராக்க ஒரு மாதம் ஆனது. இப்போது என்னிடம் பதினோரு இழைப்புளிகள். ஆனால் மற்றவர் வீட்டுக் கதவில் கை வைப்பது இதுதான் முதல் தடவை.

எங்கே உரசுகிறது என்று முதலில் தெரிய வேண்டும். அக்காவின் நீலத் தையல் சாக்கட்டியை நிலைச்சட்டத்தில் தேய்த்து, கதவை அழுத்திச் சாத்தித் திறந்தேன். கதவின் ஓரத்தில் நீலம் ஒட்டிய இடமெல்லாம் இழைக்க வேண்டிய இடம். கதவு ஆடாதபடி அடியில் துணியை மடித்துச் செருகினேன். மேலிருந்து கீழாக ஒரு தள்ளு.

கரக்!

தீக்குச்சி நீளத்துக்கு ஒரு சிராய் பிய்ந்து வந்தது.

“தோ பாரு,” என்றார் மச்சான். அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

பிய்ந்த இடத்தைக் குனிந்து பார்த்தேன். நார் கீழ்நோக்கி உள்ளே சாய்ந்து ஓடியது. பூனையை வாலிலிருந்து தலைக்குத் தடவியது போல எதிர்ப்பக்கமாக இழைத்துவிட்டேன். அப்படியானால் கீழிருந்து மேலே போக வேண்டும். ஆனால் தொங்கும் கதவில் மேல்நோக்கித் தள்ள முழங்கைக்குப் பலம் வரவில்லை.

“மணி பதினொன்னேகால்,” என்றார் மச்சான்.

இழைப்புளியையே பார்த்தேன். அதன் கைப்பிடி சைக்கிள் ஹேண்டில் போலக் குறுக்கே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். தள்ளத்தான் வேண்டும் என்று யார் சொன்னது? கருவியைத் திருப்பினால் இழுக்கலாமே! அலகை மயிரிழை மேலே ஏற்றினேன். கட்டையைத் திருப்பிப் பிடித்து, கீழிருந்து இடுப்பு வரை இழுத்தேன்.

ஸ்ஸ்ஸ்.

வெங்காயத் தோல் போல ஒரு சுருள் என் கையில் சுற்றிக்கொண்டு விழுந்தது. தூள் பறக்கவில்லை. அடுத்தது. அதற்கடுத்தது. முக்காலியில் ஏறி மேல்பாதியையும் இழுத்து முடித்தேன். பிய்ந்த பள்ளமும் சேர்ந்து மறைந்தது. மறுபடி சாக்கட்டி, மறுபடி நாலு இழுப்பு. கடைசியில் கதவில் நீலம் ஒட்டவே இல்லை.

அக்கா வந்து கதவை ஒரு விரலால் தள்ளினாள். தாழ்ப்பாள் தானாகப் போய் விழுந்தது.

அவள் காத்திருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, “உள்ள போயி மாத்திட்டு வாம்மா, நல்லா சாத்திக்க,” என்றாள். அதைத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

அந்தப் பெண் வெளியே வந்ததும் மச்சான் சட்டைப்பையிலிருந்து பத்து சென் காசை எடுத்தார். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே அதை நிறுத்தி, மேலிருந்து கீழாக மெதுவாக நகர்த்தினார். எங்கேயாவது மாட்டும் என்று எதிர்பார்த்தார். மாட்டவில்லை. குனிந்து தரைவரை கொண்டுபோனார். நிமிர்ந்து இன்னொரு தடவை.

“மேலயும் கீழயும் ஒரே கேப்பு,” என்றார், என்னைப் பார்க்காமல். பிறகு கையை நீட்டினார். “அதக் குடு, அலகு எப்படித் தீட்டியிருக்கேன்னு பாக்குறேன்.”

“மொதல்ல கைய தொடச்சிட்டு வாங்க மச்சான், வேர்வ பட்டா அலகு துருப்புடிச்சிரும்,” என்றேன்.