நிழல்ல வெச்ச செடி

பூட்டு ரிப்பேர்க்காரர் யாரையும் நம்ப மாட்டார். அடுத்தவர் வீட்டுப் பூட்டையெல்லாம் ஒரு வளைந்த கம்பியால் திறந்து பார்த்த மனுஷர், எப்படி நம்புவார்? அதனால்தான் சம்பந்தி கொடுத்த செடியைக்கூட மாடிப்படிக்கு அடியில் இருந்த சாமான் அறையில் வைத்துப் பூட்டினார்.

சம்பந்தி தையற்காரர். மகளைக் கட்டிக்கொடுத்த இடம். "நிழல்ல வைங்க சம்பந்தி, அதுபாட்டுக்கு வளரும்" என்று சொல்லித்தான் அந்த அகல இலைச் செடியைக் கையில் கொடுத்திருந்தார். வீட்டிலேயே நல்ல நிழல் சாமான் அறைதான். பகலிலும் பல்பைப் போட்டால்தான் பக்கெட் எது, பாய் எது என்று தெரியும்.

இன்று சாயங்காலம் சம்பந்தி வருகிறார் என்று தெரிந்ததும் அறையைத் திறந்தார். செடி மஞ்சள் காமாலை கண்ட மாதிரி வெளுத்து, கழுத்தை நீட்டிக் கதவிடுக்கையே பார்த்துக்கொண்டு நின்றது.

"சீக்குச் செடியாப் பாத்துக் குடுத்திருக்காருடி உன் சம்பந்தி!"

"எனக்கு மட்டுந்தான் சம்பந்தியா? உங்களுக்கென்ன பங்காளியா?" என்றாள் மனைவி. "ஒரு செடியைக் காப்பாத்தத் துப்பில்லாத மனுஷன்னு, தைக்கிற சட்டை ஒவ்வொண்ணுலயும் சேத்துத் தச்சு அனுப்பப் போறாரு பாருங்க."

அவருக்கும் அதே பயம்தான். செடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு செடிக்கடைக்கு ஓடினார்.

"எங்க வெச்சிருந்தீங்க?" என்று கேட்டாள் கடைக்காரம்மா.

"நிழல்லதான். படிக்கட்டுக்கு அடியில, பூட்டின ரூம்ல."

அந்தம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அது நிழல் இல்லைங்க, ஜெயிலு! இருட்டுல ஏது நிழல்? வெளிச்சம் இருந்தாத்தானே நிழல் விழும்?"

"அப்ப எங்கதான் வைக்கிறது?" என்றார் அவர்.

"வெள்ளைத் தாளுக்கு மேல கையை நீட்டிப் பாருங்க. நிழல் கத்தரிச்ச மாதிரி வெட்டா விழுந்தா வெயில் ஜாஸ்தி, இலை கருகும். விழவே இல்லைன்னா இருட்டு. ஓரம் கலைஞ்சு மங்கலா விழுதா, அங்க வைங்க."

"அதுக்கு உங்ககிட்ட என்ன வாங்கணும்?"

"ஒண்ணும் வேணாம். கை இருந்தாப் போதும்."

எதையும் விற்காமல் ஒருத்தி யோசனை சொல்கிறாள் என்றால் இதில் என்னவோ இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே வீடு திரும்பினார்.

கூடத்து ஜன்னலடியில் தாளைப் போட்டுக் கையை நீட்டினார். விரல் விரலாக வெட்டு நிழல். மனைவியும் கையை நுழைத்தாள். "இங்க பாருங்க, நாய்!"

"செடிக்கு இடம் தேடுன்னா நாய் வளக்குற!" என்று அதட்டினார். ஆனால் அவர் கை சும்மா இருக்கவில்லை, கொக்காகிவிட்டது. நாய் கொக்கைத் துரத்த, கொக்கு நாயைக் கொத்த, இருவரும் மூச்சு வாங்கச் சிரித்தார்கள்.

அடுப்படியில் நிழலே விழவில்லை. படுக்கையறையில் கட்டில்மேல் ஏறி நின்று பார்த்தார், அங்கும் இல்லை. கடைசியில் குளியலறை. மங்கல் கண்ணாடி ஜன்னல், பால் போல வெளிச்சம். கவிழ்த்த பக்கெட்மேல் தாளை வைத்துக் கையை நீட்டினார். ஓரம் கலைந்து, பஞ்சு மாதிரி ஒரு நிழல்.

"விழுந்திருச்சுடி!" என்று அவர் போட்ட கூச்சலில், வழுக்கித்தான் விழுந்துவிட்டாரோ என்று மனைவி பதறி ஓடி வந்தாள்.

செடியை ஜன்னல் விளிம்பில் வைப்பதற்கும் சம்பந்தி வந்து சேர்வதற்கும் சரியாக இருந்தது.

"எங்க என் செடி?"

"பாத்ரூம்ல."

தையற்காரர் முகம் சுருங்கியது. "ஆசையாக் குடுத்ததைக் கொண்டுபோய் பாத்ரூம்லயா வெச்சிருக்கீங்க?"

"மூஞ்சியைத் தூக்காதீங்க, உள்ள வாங்க." கையைப் பிடித்து இழுத்துப்போனார். "வெளுத்துத்தான் கிடக்கு. மறைக்கல. நிழல்னா இருட்டுன்னு நெனச்சுப் பூட்டி வெச்சேன். இப்பக் கையை நீட்டுங்க. தெரியுதா? இதுதான் நிழல்."

தையற்காரர் தன் கை நிழலையே வெகுநேரம் பார்த்தார். பிறகு பக்கெட்மேல் தொப்பென்று உட்கார்ந்தார்.

"சம்பந்தி… அப்ப நிழல்னா இருட்டு இல்லையா?"

"ஏன்?"

"இதே மாதிரி எனக்கும் ஒண்ணு வாங்கினேன்."

"எங்க இருக்கு?"

"துணி வெட்டுற மேசைக்கு அடியில. தூசி படக்கூடாதுன்னு மேல கோட்டுத் துணி வேற போத்தியிருக்கேன்."

"உசிரோட இருக்கா?"

"போத்தினதுக்கப்புறம் யாரு பாத்தா!"

இருவரிடமிருந்தும் வெடித்த சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே இருவரும் செருப்பை மாட்டினார்கள்.

"காபி ஆறுதுங்க!" என்று மனைவி கத்தினாள். யார் காதில் விழுந்தது?

தெருவில் பாதி தூரம் போனதும் தையற்காரர் நின்று, ரோட்டில் விழுந்த தன் நிழலைக் குனிந்து பார்த்தார். "சம்பந்தி, இது வெட்டா, மங்கலா?"

"நடங்க முதல்ல! அங்க ஒரு உசிரு கோட்டு போட்டுட்டுக் காத்திட்டிருக்கு!"