நிலைப்படி இல்லாத அறை

சபாபதி சொன்ன சொல் மாறாதவர். கடலூர் கூத்தப்பாக்கத்தில் அவரைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். அப்படிப்பட்ட மனிதர் மூன்று வருஷத்துக்கு முன்னால் சிதம்பரத்தில், அண்ணன் கலைமணி வீட்டுக் கூடத்தில், பங்காளிகள் எல்லாரும் பார்க்க ஒரு வார்த்தையை விட்டுவிட்டார்.

"என் உசுரு இருக்கற வரைக்கும் அவ என் நிலைப்படிய மிதிக்க மாட்டா."

அவள் என்றது பெற்ற மகளை. ஒரே மகள் இலக்கியா. கம்மாபுரத்துக் கதிர்வேலை, வேறு சாதி என்று தெரிந்தே, ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டாள். அதற்குத்தான் அந்த வார்த்தை. பங்காளிகள் தலையாட்டினார்கள், காபி வந்தது, குடித்துவிட்டு எழுந்து போனார்கள். வார்த்தை மட்டும் சபாபதியோடு கடலூருக்கு வந்து வீட்டில் உட்கார்ந்துகொண்டது.

இந்த வருஷம் மாசியில் இலக்கியா உண்டாகி இருக்கிறாள் என்று தெரிந்தபோதே அவளுக்கு ஆறாம் மாதம். எட்டு பிறந்ததும் ரத்தக் கொதிப்பு ஏறியது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்கச் சொன்னார் டாக்டர். கம்மாபுரத்தில் கதிர்வேலின் வீடு தகர ஷீட் போட்ட வீடு, சித்திரை வெயிலில் உள்ளே உட்கார முடியாது. கதிர்வேலின் அம்மா இருசம்மாளே போன் போட்டு, தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும், பிள்ளை ஏங்கிப்போகும் என்றாள். சபாபதியின் மனைவி தில்லையம்மாள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"எம்பொண்ணு இங்க வரணும். இல்லன்னா நான் அங்க போயிடறேன். நீங்க உங்க நிலைப்படிய கட்டிக்கினு கெடங்க."

சபாபதி யோசித்தார். மகள் வேண்டும், சொன்ன சொல்லும் வேண்டும். யோசித்து யோசித்து, எந்த வக்கீலுக்கும் தோன்றாத ஒரு பாயிண்டைக் கண்டுபிடித்தார். வீட்டை ஒட்டி மேற்குப் பக்கம் இருக்கிற கார் ஷெட்டுக்கு நிலையே கிடையாது. தெருவைப் பார்த்து ஒரு ஷட்டர், அவ்வளவுதான். மஞ்சள் பூசுகிற படி இல்லை, மாவிலை கட்டுகிற சட்டம் இல்லை.

"கார் ஷெட்டு என்னா வூட்ல சேத்தியா?" என்றார்.

தில்லையம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். ஆனால் மகள் வந்தால் போதும் என்று இருந்தது அவளுக்கு.

காரை எடுத்துத் தெருவில் வேப்ப மரத்தடியில் விட்டார். செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் நீராவிக் குழாய்க்கும் குளிர்பதன அறைக்கும் உறை போடுகிற பிரிவில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். சூடு எந்த வழியாக வரும், எப்படித் தடுப்பது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு மேலே வெள்ளைக் கூலிங் பெயிண்ட் மூன்று கை. கூரைக்கு அடியில் வெள்ளித்தாள் ஒட்டின ஷீட், அதற்குக் கீழே தெர்மகோல், அதற்கும் கீழே ஜிப்சம் போர்டு. வெயில் நேராக அடிக்கிற மேற்குச் சுவருக்கும், மற்ற சுவர்களுக்கும் அதே வெள்ளித்தாள். ஷட்டரின் உள்பக்கம் முழுக்க ஃபோம் ஒட்டினார். ஒரு டன் ஏசி மாட்டினார். வயிற்றுப்பிள்ளைக்காரி குனிந்து இழுக்கக் கூடாது என்று ஷட்டருக்கு மோட்டார் வைத்து ரிமோட் வாங்கினார். கரண்ட் இல்லாதபோது ஷட்டரைக் கையால் ஏற்ற மோட்டாரோடு வந்த கைச்சங்கிலி தொங்குகிற ஓட்டை வழியாக அனல் இறங்குவதைக் கையை வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்து, சங்கிலியைச் சுருட்டி ஜிப்சம் போர்டுக்கு மேலே போட்டு ஓட்டையை அடைத்தார்.

கடைசியாக ஒரு கதவு பாக்கி இருந்தது. ஹாலுக்கும் ஷெட்டுக்கும் நடுவே, நிலையோடு கூடிய மரக்கதவு.

"அது இருக்கட்டுங்க. ராத்திரியில எனக்குப் போய்வர சவுகரியம்," என்றாள் தில்லையம்மாள்.

"கூலிங் பூரா ஹாலுக்கு வந்துடும்," என்றார் சபாபதி.

கூலிங் ஒரு காரணம், பொய்யில்லை. ஆனால் அந்தக் கதவுக்கு நிலை இருந்தது, நிலைக்குப் படி இருந்தது. கதவைப் பூட்டினார். ஷெட் பக்கம் நிலைக்குள்ளே தெர்மகோல் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தி அடைத்து, இடுக்குக்கெல்லாம் ஃபோம் பீய்ச்சினார். ஹால் பக்கம் பீரோவை நகர்த்திக் கதவோடு ஒட்டி வைத்தார். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று ஷெட் பக்கம் தில்லையம்மாள் ஒரு பூப்போட்ட திரையைத் தொங்கவிட்டாள்.

இலக்கியா வந்தாள். அப்பா கேட்டுக்கு உள்ளே நின்றார், பேசவில்லை. ஷெட்டுக்குள் போனதும் அவள், "ஜில்லுனு இருக்குதும்மா," என்றது அவர் காதில் விழுந்தது. அன்றைக்கு அவர் ஒரு பிடி சோறு ஜாஸ்தி சாப்பிட்டார்.

அதற்கப்புறமும் அவர் மகளோடு பேசவில்லை. ஆனால் அவள் பக்கத்துச் சந்தில் இருக்கிற பாத்ரூமுக்குப் போகிற நேரம் பார்த்து உள்ளே நுழைந்து, தானே மாட்டிய வெப்பமானியைப் பார்ப்பார். இருபத்தாறு காட்டினால் முகம் மலர்ந்துவிடும். நுங்கு வாங்கிவந்து கட்டில்மேல் வைத்துவிட்டு ஓடிவந்துவிடுவார். அந்த வெள்ளித்தாளால் உள்ளே போன் டவர் எடுக்கவில்லை என்று தெரிந்ததும், மறுநாளே ஒரு வைஃபை பெட்டி வாங்கி ஷெட்டுக்குள் சொருகினார். இவ்வளவு பாசத்தை வைத்துக்கொண்டு ஒருத்தர் எப்படி வாயைத் திறக்காமல் இருக்கிறார் என்று நமக்கு எரிச்சலாக வரும். தில்லையம்மாளுக்கும் வந்தது.

"கரண்ட் போனா?" என்று ஒரு நாள் கேட்டாள். வீட்டு இன்வெர்ட்டர் ஏசியையும் மோட்டாரையும் இழுக்காது. ஷெட்டுக்குத் தனி லைன், வைஃபை பெட்டியும் அதில்தான்.

"நான் அடைச்சிருக்கற அடைப்புக்கு ரெண்டு மணி நேரம் கூலிங் அப்டியே நிக்கும்," என்றார் சபாபதி. அவர் பெருமையாகச் சொன்ன பேச்சு அது. பக்கத்து வீட்டு சார்லஸிடமும் இதையே சொல்லியிருந்தார்.

அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாள், சிதம்பரத்தில் கலைமணி மகளுக்கு நிச்சயதார்த்தம். இரண்டு பேரில் ஒருத்தராவது போகாவிட்டால் பேச்சு வரும். மகளைத் தனியாக விட்டுப் போக சபாபதிக்கு மனமில்லை. நான் இருக்கிறேன், நீ போய்வா என்று மனைவியை பஸ் ஏற்றிவிட்டார்.

ஏறும்போது தில்லையம்மாள் சொன்னாள். "மத்தியானம் ஒரு வாட்டி போய்ப் பாருங்க. பேசாட்டிப் போவுது, மூஞ்சியாவது காட்டுங்க."

"ஒண்ணுன்னா கூப்புட மாட்டாளா?"

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு சபாபதி ஹாலில் சாய்வு நாற்காலியில் படுத்தார். நாற்காலியை அன்றைக்கு பீரோவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். மகள் கூப்பிட்டால் உடனே கேட்க வேண்டும் என்றுதான். ஃபிரிட்ஜின் உறுமல் நின்றபோது கரண்ட் போனது தெரிந்தது. தலைக்கு மேலே ஃபேன் இன்வெர்ட்டரில் சுற்றிக்கொண்டிருந்தது. போய்ப் பார்க்கலாமா என்று எழுந்தார். போனால் ஏதாவது கேட்க வேண்டும். என்னவென்று கேட்பது? மூன்று வருஷமாகப் பேசாத வாய், எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று அதற்கே தெரியவில்லை. ரெண்டு மணி நேரம் நிக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பீரோ பக்கம் காதை வைத்துக் கேட்டார். ஒரு சத்தமும் இல்லை. பிள்ளை தூங்குது என்று நிம்மதியாக மறுபடி படுத்தார். படுத்தவர் தூங்கியும் போனார்.

போன் அடித்து எழுப்பியது. சிதம்பரத்திலிருந்து தில்லையம்மாள்.

"எம்மா நேரமா அடிக்கிறேன், அவளுக்குப் போன் போவல. போய்ப் பாத்தீங்களா இல்லியா?"

இன்னும் கரண்ட் வரவில்லை. சுற்றிக்கொண்டு முன்பக்கம் போய் ஷட்டரைத் தட்டினார். அது டப்பு டப்பென்று அமுங்கின சத்தம்தான் போட்டது. "இலக்கியா" என்று கூப்பிட்டார். மூன்று வருஷத்தில் முதல் தடவை அந்தப் பேரைச் சத்தமாகச் சொன்னார். பதில் இல்லை. இரண்டு கையாலும் தூக்கினார், மோட்டார் விடவில்லை. தெருவில் ஒரு ஜீவன் இல்லை. சார்லஸ் வீட்டு கேட்டைப் போட்டு அடித்ததும் அவர் ஓடிவந்தார். காரிலிருந்து ஜாக்கியை எடுத்து, கடப்பாரையால் ஷட்டரின் அடியை நெம்பி, ஜாக்கியைக் கொடுத்து ஏற்றினார்கள். ஆள் நுழைகிற அளவு இடைவெளி விட்டதும் சபாபதி படுத்து ஊர்ந்து உள்ளே போனார்.

உள்ளேயிருந்து வந்த காற்று மூஞ்சியில் அடித்தது. ரெண்டு மணி நேரம் எப்போதோ முடிந்துவிட்டிருந்தது. உள்ளே வந்த சூட்டை வெளியே விடாமல் அந்த அறை அப்படியே பிடித்து வைத்திருந்தது. இலக்கியா கட்டிலில் இல்லை. ஹால் பக்கச் சுவரோரம், பூப்போட்ட திரைக்குக் கீழே, தரையில் கிடந்தாள். புடவையெல்லாம் ரத்தம். கண் பாதி திறந்திருந்தது, மூச்சு இருந்தது. விரலிலும் தலைமுடியிலும் வெள்ளை வெள்ளையாக ஏதோ பொடி ஒட்டியிருந்தது. அதைப் பார்க்க அப்போது யாருக்கு நேரம்?

அவளுக்கு இடம் விட்டுத் தெருவில் நின்ற அந்தக் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நஞ்சுக்கொடி முன்னாலேயே பிரிந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்து, சபாபதியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பெண் குழந்தை. அழவே இல்லை. தாயைக் காப்பாற்றிவிட்டார்கள்.

கதிர்வேல் நெய்வேலியிலிருந்து வேலை உடுப்போடு வந்தான். துணியில் சுற்றினதை வாங்கிக்கொண்டு கம்மாபுரத்துக்குப் போய்ப் புதைத்துவிட்டுத் திரும்பி வந்தான். மாமனாரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சபாபதிக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சிதம்பரத்திலிருந்து கலைமணியும் பங்காளிகளும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். நிலைப்படியைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அவர்களுக்கு அந்தப் பேச்சே மறந்துபோயிருந்ததோ என்னவோ. சபாபதி ஒவ்வொருத்தரிடமும் ஒரே பேச்சைச் சொன்னார்.

"நான் பக்கத்துலயேதான் படுத்துனு இருந்தேன். ஒரு கொரல் குடுத்திருந்தா ஓடியிருப்பேனே. கூப்புடலியே."

ஒரு தடவை மகளின் கட்டிலருகே நின்றும் இதைக் கேட்டுவிட்டார். "ஏம்மா, ஒரு சத்தம் போடக் கூடாதா?" இலக்கியாவின் கையை நர்ஸ் துடைத்துக்கொண்டிருந்தாள். நக இடுக்கிலிருந்து குட்டிக் குட்டி வெள்ளை மணிகள் பஞ்சோடு வந்தன. இலக்கியா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு விடுகிற நாள் தில்லையம்மாள் நிலைக்கு மஞ்சள் பூசி, ஆரத்தி கரைத்து வைத்தாள். செய்யச் சொன்னதே சபாபதிதான். ஆஸ்பத்திரி வாசலில் மருமகன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாசல் வழியாவே கூட்டியாப்பா. நீயும் வா. எவன் கேக்கறான்னு பாக்கறேன்."

"இல்ல மாமா. எங்க வூட்டுக்கே கூட்டிக்கினு போறேன்."

"அந்த ஷீட்டு வூட்ல சூடு தாங்காதேப்பா."

இலக்கியா ஆட்டோவில் ஏறிக்கொண்டே அவர் பக்கம் திரும்பினாள். "எங்க அத்த வூட்ல கதவு தெறந்தே இருக்கும்பா," என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

தில்லையம்மாள் வீட்டுக்கு வந்து ஆரத்தியைச் சாக்கடையில் கொட்டினாள். ஹாலில் அந்தச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தவள் அசையவில்லை. அவளைப் பார்க்க முடியாமல் சபாபதி ஷெட்டுக்குப் போனார். சாமான்களையாவது எடுத்து ஒழுங்கு பண்ணலாம் என்று நினைப்பு. கட்டிலை மடக்கினார். வெப்பமானியைக் கழற்றினார். திரையைக் கழற்ற அதை ஒரு பக்கமாகத் தள்ளினார்.

தெர்மகோல் முழுக்கப் பள்ளம். தோள் உயரத்தில் கைமுட்டி பதிந்து பதிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக, வெள்ளை நொறுங்கிக் கிடந்தது. இடுப்பு உயரத்திலும் இருந்தது. அது உட்கார்ந்துகொண்டு குத்தியது. அதற்கும் கீழே, தரையை ஒட்டி, பள்ளங்கள் ஆழமில்லாமல் இருந்தன. அங்கே விரலால் பிறாண்டின கோடுகளும் இருந்தன. பலகை மட்டும் எங்கேயும் ஓட்டை விடவில்லை. அவ்வளவு நன்றாக அடைத்திருந்தார்.

சபாபதி தரையில் உட்கார்ந்தார். கீழே இருந்த ஒரு பள்ளத்தில் தன் முட்டியை வைத்துப் பார்த்தார், கை பெரிது, கொள்ளவில்லை. அதன்மேலேயே தட்டினார். பிறகு குத்தினார். "தில்ல" என்று கூப்பிட்டார். இந்தப் பலகைக்கு அந்தப் பக்கம், பீரோவை ஒட்டி, கை எட்டுகிற தூரத்தில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். "தில்ல, தில்ல" என்று தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்தினார்.

யாரும் வரவில்லை.