முர்டோ கொடுக்காத குரல்

பதினேழு வயதில் கிளாஸ்கோவில் ஒரு பெரிய கால்பந்து கிளப்புக்கு ஆடப் போய், இரண்டே வருசத்தில் கழித்துக்கட்டப்பட்டு, கடலோரத்துக் கிரெய்க்ஹேவன் அணியில் வந்து ஒண்டியவன் முர்டோ. அன்றிலிருந்து வாரநாளெல்லாம் கூரை வேலை, சனிக்கிழமை தடுப்பாட்டம். இப்போது முப்பத்தாறு ஆகிறது. அடுத்த பருவத்துக்குத் தடுப்பில் ஒருத்தருக்குத்தான் இடம் என்று மேனேஜர் டொனாச்சி சொல்லிவிட்டார். சொன்ன கையோடு, முர்டோவுக்குப் பக்கத்தில் ஆட ஒரு சோதனை ஆட்டக்காரனையும் கூட்டிவந்தார்.

சோதனைக்கு வருகிறவனுக்கு ஆட்டத்தாளில் பேர் கிடையாது. 'சோதனை ஆட்டக்காரர்' என்று மட்டும் போடுவார்கள். வந்தவன் பேர் இன்னஸ். மீன் கொட்டகையில் வேலை.

"பேர் போடலைன்னு வருத்தப்படாதே," என்றான் முர்டோ, பூட்ஸ் நாடாவை இறுக்கிக்கொண்டே. "என் பேரைப் போடுறாங்க. கூட்டத்துல பாதிப் பேரு அதைக் கெட்ட வார்த்தையோட சேர்த்துத்தான் கூப்பிடுறான்."

இன்னஸ் சிரித்தான். "அண்ணே, பந்து காலுக்கு வந்தா எனக்கு வேற எதுவும் தெரியாது. பின்னாடி ஆள் வந்தா ஒரு குரல் குடுங்க."

"அதுக்குத்தானே இருக்கேன்."

பையன் நன்றாகவே ஆடினான். தலைக்கு வந்த பந்தெல்லாம் அவனுடையதுதான். வேலியோரம் இறைச்சி வைத்துச் சுட்ட சூடான அப்பத்தைக் கடித்துக்கொண்டிருந்த ஒருத்தன் கத்தினான்: "யோவ் முர்டோ, நீ போய்க் கூரைக்கு ஓடு மாட்டு! அந்தப் பேரில்லாதவனுக்கு உன் பேரை வச்சிரலாம்!"

கூட்டம் சிரித்தது. முர்டோவும் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டான்.

ஆட்டம் முடியப் போகிற நேரம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. இன்னஸ் தன் கோலைப் பார்த்து நின்று பந்தை வாங்கினான். முதுகுக்குப் பின்னால் எதிரணிக்காரன் பாய்ந்து வந்தான். முர்டோ பார்த்தான். குரல் தொண்டை வரை வந்தது. அவன் விடவில்லை.

பந்து பறிபோனது. கோல் விழுந்தது.

ஆட்டம் முடிந்ததும் டொனாச்சி முர்டோவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "பயலுக்குப் பின்னாடி கண்ணில்லை. அடுத்த வருசமும் நீதான். போடு கையெழுத்தை."

"பாஸ், அவன் மேல தப்பில்லை. நான் பார்த்தேன். வேணும்னே குரல் குடுக்கலை."

டொனாச்சி ஒப்பந்தத்தை அவன் முன்னால் தள்ளினார். "கதவைச் சாத்து. அவன் பேரு எந்தத் தாள்லயும் இல்லை. நாளைக்கு ஊரே மறந்துரும். நீ போடு."

முர்டோ பேனாவை எடுத்தான்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் இன்னஸ் நின்றிருந்தான். "மன்னிச்சுக்கங்கண்ணே, நீங்க கத்தியிருப்பீங்க, எனக்குத்தான் கேட்கலை."

"நான் கத்தலைடா."

இன்னஸுக்குப் புரியச் சற்று நேரமானது. "அவர்கிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேன். கையெழுத்துப் போடச் சொன்னாரு."

"போட்டீங்களா?"

முர்டோ ஆமென்று தலையாட்டினான். இன்னஸ் ஓங்கி ஒன்று விடுவான் என்று நினைத்தான். விட்டால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றான். பஸ் வந்தது. இன்னஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறிப் போனான்.