பலகை எடுத்த மேசை

முப்பது வருஷமாக எங்கள் ம்யூனிக் பீர் கூடத்தின் ஜன்னலோர மேசை, ஹெரிபெர்ட் கிழவருக்கும் அவருடைய கூட்டாளிகள் நாலு பேருக்கும்தான். 'வாடிக்கைக்காரர் மேசை' என்று அதில் ஒரு பித்தளைப் பலகை நிற்கும். தெரியாமல் உட்காரும் வெளியூர்க்காரர்களை ஐந்து பேரும் குரைத்தே விரட்டுவார்கள். போன மாதம் நாலாவது கூட்டாளியையும் புதைத்தாயிற்று.

இன்று பீர் கொண்டுபோன என் கையைக் கிழவர் பிடித்துக்கொண்டார்.

"ஆஃப்ரா, அந்தப் பலகையை எடுத்துடும்மா. யாராவது வந்து உக்காரட்டும். தனியா குடிச்சா தொண்டையில இறங்கமாட்டேங்குது."

"இத்தனை வருஷம் விரட்டினப்போ தெரியலையா, பெருசு?" என்று எரிந்து விழுந்தேன். ஆனாலும் எடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு குடும்பம் வந்து நாற்காலியை இழுத்தது.

"யோவ்! இது எங்க மேசை!"

கத்தியது கிழவரேதான். அவர்கள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மூலை மேசைக்கு ஓடினார்கள்.

அவர் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டார். "பழக்கத்துல வந்துடுச்சு... கூப்பிடு ஆஃப்ரா, உன் கால்ல விழறேன், திரும்பக் கூப்பிடு."

நான் போய்க் கெஞ்சினேன். அவர்களுடைய சின்னப் பெண் கிழவரைப் பார்த்துவிட்டு அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள்.