பதினொரு பேர் புரட்டிய நித்திரை

சிவரூபி எப்போது நித்திரை கொள்கிறாள் என்பது நயினாதீவில் மூன்று வருடமாகத் தீராத வழக்கு. இரவில் ஊர் ஆஸ்பத்திரியில் வேலை. உத்தியோகப் பெயர் சுகாதார உதவியாளர், ஊர் வாயில் அற்றென்டன். சனி ஞாயிறு பகலில் யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் தாதியர் கல்லூரியில் படிப்பு. மற்ற நாட்களில் அவள் வீட்டு ஜன்னலால் பார்த்தவர்கள், அவள் பாடக் கொப்பியும் கையுமாக இருந்ததாகவே சாட்சி சொன்னார்கள். ஒருவரும் வேண்டுமென்று பார்க்கவில்லை. வேலியடியால் போகும்போது கண் தானாக உள்ளே போனதுதான்.

முப்பத்திரண்டு வயதில் இந்தப் படிப்பு எதற்கு என்பதற்கும் ஊரிடம் விடை இருந்தது. லண்டன் போக என்றார்கள் சிலர். கனடா என்றார்கள் வேறு சிலர். மூன்றாவது விடையைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார்கள். அதில் ஒரு டொக்டர் வந்தார். அவளிடமே கேட்டிருந்தால், ஊசி போடுகிறவளுக்குப் பக்கத்தில் ஏழு வருடம் தட்டு ஏந்தி நின்றதில், அந்த ஊசியைத் தானே பிடிக்க ஆசை வந்துவிட்டது என்று சொல்லியிருப்பாள். அவ்வளவு சப்பென்ற விடை வேண்டாமென்றுதானோ என்னவோ, ஒருவரும் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவளுக்குக் கடைசிச் செய்முறைச் சோதனை. 'சித்தி' என்று தேறிவிட்டால் தாதி. தவறவிட்டால் அடுத்தது ஒரு வருடம் கழித்துத்தான். இன்னொரு வருடம் இப்படி ஓட உடம்பு இடம் தராது என்று அவளுக்குத் தெரியும். போன கிழமை ஆஸ்பத்திரி வாட்டுக் கதவில் சாய்ந்தபடி, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே கனவு கண்டவள்.

வேலை முடிந்து நேரே வந்து ஏழு மணிப் படகில் ஏறினாள். உயிர்காப்பு அங்கியை மடித்துக் கன்னத்துக்கு வைத்தாள். பலகையில் பக்கத்தில் இருந்தது அடுத்த வீட்டு இராசமணி அக்கா. தீவில் யாருக்கு எப்போது என்ன நடக்கும் என்பது நடக்கிறவருக்கு முன்னரே இராசமணிக்குத் தெரியும். சிலவேளை நடக்காததும் தெரியும்.

கடல் ஆடாமல் கிடந்தது. எந்திரம் ஒரே சுருதியில் முனகியது. சிவரூபிக்கு வாட்டுச் சுவர்கள் மெல்ல மெல்லக் கரைந்து போயின. மருந்து வண்டில் தண்ணீருக்கு மேலே தானாக உருண்டது. கம்பங்களில் இருந்த நீர்க்காகங்கள் வரிசையாகச் செட்டையை நீட்டி, "எங்களுக்கும் பிரஷர் பாரும்" என்றன. பட்டியைச் சுற்றிப் பார்த்தாள். எல்லாருக்கும் சரியாகவே இருந்தது.

அக்கரைத் துறையான குறிகட்டுவான் வந்தது. படகோட்டி நாகமுத்து குனிந்து, "பிள்ளை, இறங்கேல்லையோ?" என்றார்.

"உஸ்!" என்றாள் இராசமணி. "உவள் நித்திரை கொண்டு எத்தினை நாளாச்சுது தெரியுமே? எழுப்பாதேங்கோ."

"சோதனை எண்டு கதைச்சவை..."

"சோதனை நாளைக்கு. எனக்குத் தெரியாதே? இண்டைக்குச் சும்மா வகுப்பு. திருப்பிக் கொண்டு போய் விடுங்கோ, தாய்க்கு நான் போன் பண்ணிச் சொல்லுறன்."

படகே இரங்கியது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சனம் இறங்கியது. கருவாட்டுப் பெட்டிகூடச் சத்தமில்லாமல் இறங்கியது. கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் காணாத ஒழுங்கு.

சிவரூபி கண் விழித்தபோது நயினாதீவுக் கோவில் கோபுரம் தெரிந்தது. வழக்கமாக அது சிறுத்துக்கொண்டே போகும். இன்றைக்குப் பெருத்துக்கொண்டு வந்தது. சுற்றிவர வெள்ளை உடுத்த மனிதர்கள், மடியில் தாமரைப் பூவோடு இருந்தார்கள். நல்ல கனவு என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் அவர்கள் தீவிலுள்ள புத்த விகாரைக்குப் போகிற யாத்திரிகர்கள் என்பது உறைத்தது.

"ஐயோ, நாகமுத்தண்ணை! என்னை எங்கை கொண்டு போறியள்?"

"வீட்டைதான், பிள்ளை. இராசமணி சொன்னவ, சோதனை நாளைக்கெண்டு."

"சோதனை எனக்கோ, அவவுக்கோ?"

நாகமுத்து அவசரமாகப் படகைக் கரையில் கட்டினார். யாத்திரிகரை இறக்கினார். ஆள் நிரம்பாமல் கயிறு அவிழ்க்காத அந்த மனிதர், சிவரூபி ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டு படகைத் திருப்பினார். கரையில் நின்றவர்கள் அதைப் பார்த்துவிட்டு வேறு விதமாகக் கதைக்கத் தொடங்கியது தனிக்கதை.

அவள் பஸ்ஸில் ஏறுவதற்குள் செய்தி ஏறிவிட்டது. போனும் அடித்தது.

"பிள்ளை, எனக்குச் சொன்னவை பிழையாச் சொல்லிப்போட்டினம்," என்றாள் இராசமணி. "அது போகட்டும். இனி நித்திரை கொள்ளாதை. போனைக் கொண்டக்டரிட்டைக் குடு."

அதற்குப் பிறகு அந்த பஸ்ஸில் அவளை யாரும் கண் மூட விடவில்லை. கடலை ஊடறுத்துப் போகும் தாம்போதிப் பாதையில் ஏறியபோது இரண்டு பக்கமும் கடல் கண்ணாடியாய்க் கிடந்தது. பஸ் தண்ணீருக்கு மேலே மிதப்பதுபோலிருந்தது. அவள் தலை மெல்லச் சாய்ந்தது. உடனே பின்னாலிருந்து ஒரு கை கிள்ளியது. முன்னாலிருந்து இஞ்சி இனிப்பு வந்தது. இறுப்பிட்டியில் ஏறிய ஒருவர் தன் பித்தப்பைக் கல்லின் வரலாற்றைத் தொடங்கி, வேலணை தாண்டியும் சத்திரசிகிச்சைக்கு வரவில்லை.

கல்லூரி வாசலில் ஓட்டோவால் குதித்து ஓடியபோது பத்தரை. படுத்திருக்கும் நோயாளியை எழுப்பாமல் கட்டில் விரிப்பை மாற்றுவதுதான் சோதனை. பன்னிரண்டு பேருக்கு ஒரே கட்டில். கதவடியில் விரிவுரையாளர் யூலியட் மிஸ் நின்றார்.

"முதலாவதாக் கூப்பிட்டது உம்மைத்தான். உம்மடை முறை போட்டுது."

"மிஸ், படகு... என்னை ஏத்திக்கொண்டு திரும்பி..."

"அழாதையும். கடைசியா வாரும். அதுவரைக்கும் ஒரு உதவி. நோயாளியா வாறனெண்ட ஆள் வராததாலை இன்னும் ஒருத்தரும் தொடங்கேல்லை. ஏறிப் படும். அசையக்கூடாது, அவையளுக்கு உதவி செய்யவும் கூடாது."

இப்படி ஒரு கட்டளைக்காக மூன்று வருடம் காத்திருந்த உடம்பு, தலையணை பட்டதும் போய்விட்டது.

முதலாவது பிள்ளை தொட்டபோது விரல்கள் ஐஸாயிருந்தன. சிவரூபி கனவில் மாரிக்கடலுக்குள் இறங்கினாள். இரண்டாவது பிள்ளை வெடுக்கென்று புரட்டினாள், சிவரூபி படகிலிருந்து விழுந்தாள். நாலாவது பிள்ளை விட்ட ஒரு சுருக்கம் முதுகுக்குக் கீழே நெடுந்தெருவாய் ஓடி, அதன் மேல் ஒரு பஸ் போனது. ஏழாவதோ எட்டாவதோ தெரியவில்லை, ஒருத்தி மாத்திரம் காதடியில், "அக்கா, சுவர்ப்பக்கம் திருப்பப் போறன்" என்றாள். கடலே ஒரு பக்கமாகத் திரும்பிப் படுத்தது. அவ்வளவு சுகம்.

வெளியிலிருந்து வந்த பரிசோதகர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்: "உவவுக்கு மயக்க மருந்து ஏதும் குடுத்ததோ?"

"இல்லை, சேர். நைட் டியூட்டி," என்றார் யூலியட் மிஸ்.

பதினொரு பேர் முடிந்தார்கள். பெயரை மூன்று தரம் கூப்பிட்டார்கள். சிவரூபி எழும்பி இருந்து, எந்தக் கரை என்று தெரியாமல் எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள். பிள்ளைகளும் சிரித்தார்கள். பிறகு பிரியவதனி என்ற பிள்ளை அந்தக் கட்டிலில் ஏறிப் படுத்தாள்.

சிவரூபியின் கை வாட்டுக் கை. பின்னால் இன்னும் பத்துக் கட்டில் காத்திருக்கும் அவசரத்தில் பழகிய கை. புரட்டு, இழு, செருகு, இரண்டு நிமிடம். கட்டிலில் இருப்பவரின் முகம் எப்படியிருந்தது என்று கேட்டால் அதற்குத் தெரியாது. அந்தக் கை இப்போது விரிப்பின் நுனியைப் பிடித்தது. பிடித்தபடியே நின்றது. பிறகு விட்டுவிட்டது.

இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துத் தேய்த்துச் சூடாக்கினாள்.

"தங்கச்சி, உம்மை இப்ப மெல்லச் சுவர்ப்பக்கம் திருப்பப் போறன். விழமாட்டீர், நான் பிடிச்சிருக்கிறன்."

பழைய விரிப்பைச் சுருட்டினாள், புதியதை விரித்தாள். இந்தப் பக்கம் திருப்பப் போகிறேன் என்று மறுபடியும் சொல்லித் திருப்பினாள். முதுகு படுகிற இடத்தை உள்ளங்கையால் தடவி, ஒரு சுருக்கம் கண்டு, அதை இழுத்துவிட்டாள். பரிசோதகர் மணிக்கூட்டைப் பார்த்தார். கொடுத்த நேரத்தில் அரை நிமிடம்தான் மிச்சம். பிரியவதனியின் இமைகள் தாழ்ந்துகொண்டிருந்தன.

"எங்கை பழகினனீர்?" என்றார் பரிசோதகர்.

"இப்பதான், சேர். படுத்திருந்து."

அவர் சிரிக்கவில்லை. குனிந்து எழுதினார். அடுத்தவர் எழுதுவதை எட்டிப் பார்ப்பது முறையில்லை என்று சிவரூபிக்குத் தெரியும். ஆனால் அவளும் நயினாதீவுக்காரிதானே. போர்வையை ஒழுங்குபடுத்துகிற சாட்டில் மேசைப் பக்கம் சரிந்து, தலைகீழாய்க் கிடந்த அந்த ஒற்றைச் சொல்லை எழுத்தெழுத்தாகக் கூட்டினாள்.

சித்தி.