சரளா திருப்பித் தராத புத்தகம்

அந்த நாவலைத் தடை செய்யச் சொல்லி முதலில் கேட்டவள் சரளாதான். கேட்ட கையோடு அதை இரவல் வாங்கிக்கொண்டு போனவளும் அவள்தான்.

குனோங் ராபாட்டில் ஊர் மண்டபத்தை ஒட்டிய தமிழ் நூலகம் ஒரே ஓர் அறை. பின்பக்க ஜன்னலைத் திறந்தால் சுண்ணாம்புக் குன்று முகத்துக்கு நேரே நிற்கும். அங்கே ஒரு விதி உண்டு: வேறு யாரும் கேட்காதவரை, எடுத்தவரே புத்தகத்தைப் புதுப்பித்துக்கொண்டு வைத்திருக்கலாம். சரளா அந்த விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ‘ஆறாம் நம்பர் லயம்’ என்ற அந்த நாவல் மாதக்கணக்காக அவள் காரின் பின்பக்கம், மாற்று டயருக்கு அடியில் கிடந்தது.

அந்தச் சனிக்கிழமையும் புதுப்பிக்கத்தான் போனாள். நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் பிரமிளா தலையைச் சொறிந்தாள்.

“இந்தத் தடவ முடியாதுக்கா. வேற ஒருத்தங்க கேட்டிருக்காங்க.”

“யாரு?”

“அதச் சொல்லக்கூடாதுக்கா. நீங்க எடுத்தத நான் யார்கிட்டயாச்சும் சொன்னேனா?”

மூலையில் நாளிதழ் பார்த்துக்கொண்டிருந்த நூலகத் தலைவர் சதாசிவம் மூக்குக் கண்ணாடியை இறக்கினார்.

“சரளா, நீயே ஒரு ஞாயம் சொல்லுலா. புத்தகத்த எடுத்துருங்கன்னு கேட்ட. படிச்சுப் பாத்து முடிவு பண்றோம்னு சொன்னோம். இருக்கிறது ஒரே காப்பி. அதையும் தூக்கிட்டுப் போயிட்ட. நாங்க என்னத்தப் படிச்சு என்னத்தத் தடை பண்றது?”

“படிக்காமயே தடை பண்ணுங்கண்ணே.”

“நீ படிச்சியா?”

“முழுசா இல்ல.”

“அப்ப, தப்பான புத்தகம்னு யாரு சொன்னா?”

“அத்தை மக சாந்தினி.”

“அவ படிச்சாளா?”

சரளா கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினாள். சாந்தினிக்கும் யாரோ சொன்னதுதான்.

“போன வருசம் அந்த இனிப்புநீர் புத்தகத்த எடுத்தீங்கள்ல?” என்றாள் திடீரென்று. “மாத்திரைய நிறுத்து, பாவக்கா சாறு குடின்னு எழுதியிருந்தானே, அத. அப்ப மட்டும் தடை பண்ணலாமா?”

“அதப் படிச்சிட்டு ஒரு மனுசன் மாத்திரைய நிறுத்திட்டு ஆஸ்பத்திரியில கெடந்தாருக்கா,” என்றாள் பிரமிளா. “இந்தப் புத்தகம் யார என்னா பண்ணும்?”

“பண்ணும்.”

“அதான் என்னான்னு கேக்குறோம்,” என்றார் சதாசிவம். “நாளைக்குக் காலையில புத்தகத்தக் கொண்டு வா. கேட்டவங்களையும் வரச் சொல்றேன். நேருக்கு நேர் பேசிக்குவோம்.”

என்ன பண்ணும் என்று சரளாவுக்குத் தெரியும். நாவலை எழுதிய சுகுமாரன், சுங்காய் பக்கத்தில் அவர்கள் இருந்த அதே ரப்பர் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில், வளர்ந்தவர். கதையில் கனகம் என்று ஒருத்தி இடது கையால் பால்மரம் சீவுவாள். ஒருநாள் புருஷனையும் பிள்ளையையும் விட்டுவிட்டு லாரி ஏறிப் போய்விடுவாள். அந்தத் தோட்டத்தில் இடது கையால் மரம் சீவியவள் ஒருத்திதான். அவள் சரளாவின் அம்மா நவமணி. தோட்டத்தை விற்றபின் பாதிச் சனம் குனோங் ராபாட்டுக்குத்தான் வந்து சேர்ந்தது. படிக்கிற எவருக்கும் கனகம் யார் என்று புரிந்துபோகும்.

இது வெளியே சொல்லக்கூடிய காரணம். சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. சரளாவுக்கு ஐந்து வயதாக இருந்தபோது ஒரு மழைக்காலம் முழுக்க அம்மா வீட்டில் இல்லை. பிறகு ஒருநாள் வந்து, எதுவும் நடக்காததுபோல் உலை வைத்தாள். எங்கே போனாள், ஏன் போனாள் என்று வீட்டில் யாரும் பேசவில்லை. சரளாவும் கேட்கவில்லை. கேட்காமலே தலை நரைத்துவிட்டது. இப்போது டயருக்கு அடியில் அதற்குப் பதில் கிடக்கிறது. பசாருக்குச் சாமான் வாங்கப் போகும்போதெல்லாம் காரிலேயே உட்கார்ந்து அதைத் திறப்பாள். லாரி வந்து நிற்கும் பக்கம் வரை படிப்பாள். அங்கேயே மூடிவிடுவாள். அடுத்த வரியை அறியும் ஆசை அவளைப் பிடுங்கித் தின்றது. அதைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

ஞாயிறு காலை புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நூலகத்தில் காத்திருந்தாள். வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பக்கத்து வீட்டுக் கார்த்திகேசு இறங்கினார்.

“நீங்களாண்ணே கேட்டது?”

“ஐயோ பிள்ளை, என்னை ஏன் முறைக்கிறீர்? நான் பேர் மட்டும்தான் குடுத்தனான். ஆள் பின்னால வாறா.”

அவர் மறுபக்கக் கதவைத் திறந்தார். நவமணி இறங்கினாள். கண்புரை விழுந்த கண்ணைச் சுருக்கி, இடது கையால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அம்மா!”

“என்னா அம்மா? சாந்தினி உன்கிட்ட சொன்னா, என்கிட்ட சொல்ல மாட்டாளா? சுகுமாரன் என்னைய பத்தி எழுதிட்டானாம், ஊரே படிக்கப் போகுதாம், நான் மட்டும் படிக்கக் கூடாதா? புத்தகத்தக் கொடு.”

“உனக்கு எழுத்துத் தெரியாதேம்மா.”

“எழுத்தெல்லாம் தெரியும். கண்ணுதான் தெரியல. ஒளிச்சு வச்சது நீதானே? நீயே படி.”

பிரமிளா நாற்காலி இழுத்துப் போட்டாள். சரளா சதாசிவத்தைப் பார்த்தாள்.

“படிம்மா,” என்றார் அவர். “தடை பண்ணணும்னாலும் காதுல விழணும்ல.”

சரளா அந்தப் பக்கத்தைத் திறந்தாள். தேட வேண்டியிருக்கவில்லை. புத்தகம் தானாகவே அங்கேதான் விரிந்தது.

“‘விடியுமுன் லாரி லயத்து முனையில் வந்து நின்றது. கனகம் அழுதுகொண்டே ஏறினாள்...’”

“நிறுத்து. யாரு அழுதா?”

“கனகம்.”

“பொய். நான் அழவே இல்ல. அழுதது சுகுமாரனோட அம்மா.”

“நீ போறேன்னா?”

“நான் போறேன்னு இல்ல. அவளக் கூட்டிட்டுப் போகலன்னு!”

கார்த்திகேசு வாய்விட்டுச் சிரித்தார். பிரமிளா வாயைப் பொத்திக்கொண்டாள். சரளாவுக்கும் சிரிப்பு வந்தது.

“சரி, தடை விசயம் என்னாச்சு?” என்றார் சதாசிவம். “நவமணியம்மா, உங்க கதைதான். வேணாம்னு நீங்க சொன்னா இன்னிக்கே எடுத்துர்றேன்.”

“எடுத்துட்டா நான் யாரோட சண்ட போடுறது? அவன் இப்ப பாரிட் புந்தார்ல தானே இருக்கான்? வரச் சொல்லுங்க. அவங்கம்மா அழுதத முதல்ல எழுதட்டும்.”

“அப்ப ஊருல நாலு பேரு பேசுவாங்களேம்மா?” என்றாள் சரளா.

“அன்னிக்கே பேசி முடிச்சிட்டாங்க புள்ள. பேசாம இருந்தது நீ ஒருத்திதான்.”

சரளா பக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்து எழுத்துகளை மறைத்தாள்.

“நீ ஏம்மா போன?”

நவமணி மகளின் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

“கேட்டுட்டியா? சொல்றேன். ஒண்ணு விடாம சொல்றேன். மொதல்ல அவன் என்னா சொல்றான்னு படி. அவன் புளுகு எது, என் புளுகு எதுன்னு நீயே பாத்துக்க.”

“திரும்பி ஏன் வந்தன்னும் சொல்லணும்.”

“அதயும் எழுதியிருக்கானா?”

“தெரியலம்மா. அதுக்கு மேல நான் போகல.”

“எழுதாம இருப்பானா?” நவமணி நாற்காலியை மகள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். “கைய எடுலா. படி.”

சரளா கையை எடுத்தாள்.